இரண்டு பேருக்கான வண்டியை நான் தனியாகப் போய் வாங்கினேன்

பதினோரு நாள் பயணம் என்று கிளம்பினோம். மூன்றாவது நாள் இரவு, வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்து வீடு திரும்பினோம். வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் உண்மை. அந்த வண்டிக்காக இரண்டு வருடம் பணம் சேர்த்திருந்தேன். அதை வாங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து இந்த விஷயங்களைச் சொல்லியிருந்தால் ஐந்து மாதமும் அவ்வளவு பணமும் போயிருக்காது. பழைய டூரிங் பைக் ஒன்றை இரண்டு பேர் நீண்ட தூரம் போவதற்காகக் குறைந்த செலவில் வாங்க நினைப்பவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். என் கணவர் இருபது வருடத்துக்கு மேல் பைக் ஓட்டியவர். கண்ணில் வந்த ஒரு பிரச்சினையால் பார்வை குறைந்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே நானும் ஓட்டப் பழகியிருந்தேன், ஆனால் சின்ன வண்டி, பக்கத்து தூரம், அவ்வளவுதான். இனிமேல் நான் ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாருங்கள், ஒரு பெரிய பயணம் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு சரி என்றார். அந்தச் சிரிப்புக்காகவே, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவு அனுபவம் உள்ள மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் மட்டும் போய் வண்டி பார்த்ததற்கு அந்த ஆசைதான் காரணம். பின்னால் நடந்த எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கியது.

தேடும்போது நான் பார்த்தது என்ன என்று யோசித்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. எஞ்சின் எத்தனை சிசி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, புகைப்படத்தில் எப்படி இருக்கிறது. இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. கடைசியில் அறுநூறு சிசி வகையில், நான்கு சிலிண்டர் வைத்த ஒரு ஸ்போர்ட்ஸ் டூரிங் வண்டி கிடைத்தது. பதினான்கு வருடம் பழையது, 41,000 கிலோமீட்டர் ஓடியது, சாமான் வைக்கும் மூன்று பெட்டிகளும் கூடவே வந்தன. எந்த நிறுவனத்து வண்டி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நான் பட்டதெல்லாம் எந்தப் பழைய வண்டியிலும் வரக்கூடியதுதான்.

விற்றவர் நன்றாகப் பேசினார். நான் போனபோது வண்டியைத் துடைத்து வெளியே நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கியே வைத்திருந்தார். "உங்களுக்காக ஸ்டார்ட் பண்ணி வெச்சேன்" என்று சொன்னதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு நேரம் சுற்றுகிறது, புகை வருகிறதா, டைமிங் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்கிறதா, இதெல்லாம் சூடான எஞ்சினில் மறைந்துவிடும். போவதற்கு முன்பே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள், போனதும் எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

"பேட்டரி புதுசு, போன வாரம்தான் மாத்தினேன்" என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். ஒரு செலவு மிச்சம் என்று நினைத்தேன். விற்கப்போகிற வண்டிக்கு ஒருவர் எதற்குக் கைக்காசு போட்டுப் புது பேட்டரி வாங்குகிறார் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் தூரம் ஓட்டிப் பார்த்தேன், தனியாக, பெட்டிகள் காலியாக. சீறிக்கொண்டு போனது. மனதுக்குள் அந்த வண்டி எப்போதோ என்னுடையதாகிவிட்டது. விலையில் கொஞ்சம்கூடக் குறைத்துக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை என் கணவரை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் சுற்றினேன். இறங்கியதும் முழங்காலை இரண்டு தடவை நீவிவிட்டார். "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாருக்கும்மா" என்றார். அவர் அப்போது உண்மையைச் சொல்லவில்லை என்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் அவரே சொன்னார். என் முகத்தைப் பார்த்தபிறகு சொல்ல மனம் வரவில்லையாம்.

பயணத்தின் முதல் நாள், ஊரைத் தாண்டிய அரை மணி நேரத்திலேயே எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. வளைவில் சாய்த்தால் வண்டி ஒரே கோட்டில் போகாமல் தொட்டில் மாதிரி ஆடியது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் பின்பக்கம் டொம்மென்று அடித்தது. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தானே போகிறேன் என்று குழம்பினேன். பின்பக்கம் அவ்வளவு அமுங்கியதில் முன் விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரவு தங்கிய அறையில்தான் வண்டியோடு வந்த கையேட்டை முதல் முறையாகப் பிரித்தேன். அதிலே வண்டி தாங்கக்கூடிய அதிகபட்ச எடை 187 கிலோ என்று இருந்தது. காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். அவர் 82, நான் 61, ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் 14, மூன்று பெட்டிகளும் அவற்றை மாட்டும் கம்பிகளும் 15, உள்ளே வைத்த சாமான் 26. மொத்தம் 198. பதினோரு கிலோ கூடுதல்.

இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன் போட வேண்டும். எல்லா வண்டிக்கும் மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு, கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் ஃபிரேமில் ஒட்டிய தகட்டிலும் இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் நிரப்பிய வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்களுக்கு உரியது. நடுத்தர வண்டிகளில் பெரும்பாலும் அது 180 முதல் 220 கிலோவுக்குள் வரும். பெரிய எஞ்சின் என்றால் அதிகம் தாங்கும் என்று நினைக்காதீர்கள், அப்படி ஒரு விதி கிடையாது. பெட்டியின் எடையும் கம்பியின் எடையும் அந்தக் கணக்குக்குள்தான் அடக்கம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, ஓட்டுபவரின் எடை இரண்டு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகும், பின்னால் உட்காருபவரின் எடை கிட்டத்தட்ட நேராகப் பின் சக்கரத்தின் மேலேதான் இறங்கும். பின் இருக்கைக்குப் பின்னால் மாட்டும் டாப் பாக்ஸ் அந்தச் சக்கரத்தையும் தாண்டிப் பின்னால் தொங்குகிறது, அதில் எடையை வைத்தால் நெம்புகோல் மாதிரி முன் சக்கரத்தைத் தூக்கும். வேகத்தில் ஹேண்டில் லேசாக ஆடத் தொடங்குவது பெரும்பாலும் அதனால்தான். நான் எல்லாக் கனமான சாமானையும் டாப் பாக்ஸில் அடைத்திருந்தேன், எடுக்க வசதியாக இருக்குமே என்று. கனமானது பக்கப் பெட்டிகளின் அடியில் இருக்க வேண்டும், டாப் பாக்ஸில் மழைக்கோட்டு மாதிரி லேசானது மட்டும் போதும்.

மறுநாள் காலை, பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங் இறுக்கத்தை, முழுக்க ஏற்றினேன். பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது, ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. ஸ்பிரிங்கை இறுக்கினால் உயரம் சரியாகும். ஆட்டத்தை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய், அது செத்துப்போயிருந்தால் பிரீலோடை எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நொடிதான் ஆகும். வண்டியை நேராக நிறுத்தி, பின் இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கிவிட்டு விடுங்கள். மெதுவாக ஒரே தடவை எழுந்து நின்றால் நல்லது. எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தால் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். தனியாக ஓட்டிப் பார்க்கும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது, இரண்டு பேரும் சாமானும் ஏறியபிறகுதான் தெரியும்.

இரண்டாம் நாள் முழுக்க அவர் முழங்கால் வலியோடு வந்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொன்னார், அப்புறம் நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை. நிறுத்தியதும் உடனே இறங்க முடியாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை மெதுவாக நீட்டி, பிறகுதான் இறங்குவார். நான் எரிச்சலில் "இன்னும் பாதி தூரம்கூடப் போகலைங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் முன் விளக்கு மங்கியது, இண்டிகேட்டர் சோம்பலாக அடித்தது, அப்புறம் எஞ்சின் இரண்டு தடவை திக்கிவிட்டு நின்றுபோனது. ஸ்டார்ட்டரை அமுக்கினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். நெடுஞ்சாலை ஓரம், இருட்டத் தொடங்கிவிட்டது, பக்கத்தில் லாரிகள் உரசுகிற மாதிரி போகின்றன. வெளிச்சம் குறைந்தால் அவருக்குச் சரியாகத் தெரியாது, அதனால் அவரைச் சாலையிலிருந்து தள்ளி ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு நான் வண்டி பக்கத்தில் டார்ச்சோடு நின்றேன். நான்கு மணி நேரம். அவ்வளவு பயமும் குற்ற உணர்ச்சியும் என் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

காரணம், அந்தப் புது பேட்டரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. எஞ்சினுக்குள் ஸ்டேட்டர் என்று ஒரு சுருள் மின்சாரம் தயாரிக்கிறது, ரெகுலேட்டர் ரெக்டிஃபயர் என்ற பெட்டி அதைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. நிறைய வண்டிகளில் தேவைக்கு மேல் உற்பத்தியாகும் மின்சாரத்தை அந்த ரெகுலேட்டர் வெறும் வெப்பமாகக் கழிக்கிறது, அதனால் அது எப்போதும் சூட்டிலேயே வேகிறது, வருடங்கள் போகப்போக அதுவோ ஸ்டேட்டரோ கருகுகிறது. சூடாகும்வரை ஒழுங்காக வேலை செய்துவிட்டு, ஒரு மணி நேரம் ஓடியபிறகு மட்டும் சார்ஜை நிறுத்தும் ரெகுலேட்டர்களும் உண்டு. என்னுடையது அந்த ரகம். ஆறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் எங்கே தெரியும்?

ஒரு சின்ன மல்டிமீட்டர் கையில் இருந்தால் போதும். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்து, ஹை பீம் போட்டு, ஆக்சிலரேட்டரை 4,000 ஆர்பிஎம் பக்கம் பிடித்தால் 13.5க்கும் 14.5க்கும் நடுவில் வர வேண்டும். 13க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, 15ஐத் தாண்டினால் பேட்டரி வெந்துவிடும். முக்கியமாக, இதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை, ஓட்டிவிட்டு வந்து சூடாக இருக்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். முடிந்தால் இருக்கையைக் கழற்றச் சொல்லி ரெகுலேட்டருக்குப் போகும் வயர்கள் இணையும் கப்ளரையும் பாருங்கள், வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மெக்கானிக் வண்டியைப் பிரித்தார், ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி. பின் டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குக் கடைசியில் 3812 என்று இருந்தது. 2000க்குப் பிறகு வந்த டயர்களில் அந்தக் கடைசி நான்கு எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2012ஆம் வருடம் 38வது வாரத்தில் செய்த டயர், நாங்கள் போனபோது அதற்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருந்ததால் நான் சந்தேகப்படவே இல்லை. ரப்பர் கல் மாதிரி இறுகியிருந்தது. அந்த டயரில் மழையில் இரண்டு பேர் போயிருக்கிறோம் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டில் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. எஞ்சின் வால்வுகளுக்கு விட வேண்டிய இடைவெளியை, அதாவது வால்வு கிளியரன்ஸை, எப்போது பார்த்தார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை, பார்த்தபோது இரண்டு எக்ஸாஸ்ட் வால்வு இறுக்கமாக இருந்தன.

செலவைப் பணத்தில் சொல்வதைவிட இப்படிச் சொல்கிறேன். வண்டி வாங்கிய விலை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ஷாக் 14. இரண்டு டயரும் 9. ஸ்டேட்டர், ரெகுலேட்டர், மறுபடி ஒரு புது பேட்டரி சேர்த்து 9. கோன் செட் 4, வால்வு வேலை 4, லாரியில் கொண்டுவந்தது 3. மொத்தம் 43. பாகங்கள் வருவதற்காகக் காத்திருந்ததையும் சேர்த்து ஏழு வாரம். அதனால் பழைய வண்டிக்குக் கையில் இருக்கும் முழுப் பணத்தையும் கொண்டுபோகாதீர்கள். கையில் நூறு இருந்தால் எழுபதுக்கு வண்டி பாருங்கள், மீதி முப்பதை வாங்கியபிறகு வரும் முதல் மூன்று மாதச் செலவுக்கு வையுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்து, மறுபடி அவரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் போனோம். வண்டி ஆடவில்லை, விளக்கு மங்கவில்லை, எனக்கு அவ்வளவு நிம்மதி. அவர் இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்போதுதான் சொன்னார், "முதல் நாளே வலிச்சதும்மா. நீ என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்." எல்லாவற்றையும் பணம் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன், இருக்கைக்கும் பின் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. இருக்கையில் கூடுதல் ஃபோம் வைத்துப் பார்த்தோம். கால் கொஞ்சம் நீண்டது, ஆனால் அவர் தலை என் தலைக்கு மேலே போய், காற்று நேராக அவர் ஹெல்மெட்டில் அடித்தது. அரை மணி நேரத்தில் கழுத்து வலி. வண்டியை விற்றுவிடலாம் என்று அன்று இரவே முடிவு செய்தோம்.

இரண்டாவது தடவை தேடியது தலைகீழ் வரிசையில். முதலில் வீட்டிலேயே அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, காலுக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே போய், எந்த உயரத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்குகிறது என்று பார்த்தோம். இருக்கையிலிருந்து கால் வைக்கும் இடம்வரை 45 சென்டிமீட்டர் இருந்தால் அவருக்கு நிம்மதி. பழைய வண்டியில் அது 39. ஆறு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காக நாங்கள் பட்ட பாடு! அதன்பிறகு எந்த வண்டி பார்க்கப் போனாலும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போனோம், எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அதை அளந்தோம். அளவு வராத வண்டியை மேற்கொண்டு பார்க்கவே இல்லை. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் வீட்டில் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எங்கள் பணத்துக்குள் வரக்கூடியவை எவை என்று அவர் ஒரு நோட்டில் எழுதவைத்தார். பெரிய டூரிங் வண்டிகள் பழசானபிறகு விலை நன்றாக இறங்கிவிடும். 1990இல் வந்த ஹோண்டா எஸ்டி1100, 2002இல் வந்த எஸ்டி1300, 2001இல் வந்த யமஹா எஃப்ஜேஆர்1300 எல்லாம் இரண்டு பேருக்கென்றே செய்த மாதிரி இருக்கும், செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ் என்பதால் செயின் வேலையும் கிடையாது. பின்னால் உட்காருபவருக்கு இவற்றைவிட சொகுசு குறைந்த விலையில் கிடைப்பது கஷ்டம். ஆனால் எடை 300 கிலோவை ஒட்டி வரும். சரளைக் கல்லில் நின்றபடி அதையும் மேலே 82 கிலோ மனிதரையும் என்னால் தாங்கிப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அதே ஷாஃப்ட் வசதி கொஞ்சம் சின்ன வண்டியில் வேண்டும் என்றால் ஹோண்டா டோவில் இருக்கிறது, 1998இல் 650ஆக வந்து 2006இல் 700ஆக மாறியது, பக்கப் பெட்டிகள் உடம்போடு சேர்ந்தே இருக்கும். 2012இல் வந்த ஹோண்டா என்சி700எக்ஸ் மைலேஜில் நல்ல வண்டி, டேங்க் இருக்கும் இடத்தில் ஹெல்மெட் வைக்கும் அறை உண்டு. ஆனால் பெட்ரோல் போடும் மூடி பின் இருக்கைக்கு அடியில். ஒவ்வொரு தடவையும் பின்னால் இருப்பவர் இறங்கியே ஆக வேண்டும். இறங்குவதே சிரமமான ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. கவாசாகி வெர்ஸிஸ் 650, சுசுகி வீ ஸ்ட்ரோம் 650 இரண்டும் எடையில் 210 கிலோவை ஒட்டியவை, நேராக உட்காரலாம், கால் நன்றாகக் கீழே தொங்கும். நானூறு சிசி பக்கம் இருக்கும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள், உதாரணத்துக்கு 2016இல் வந்த 411 சிசி ஹிமாலயன், மெதுவாகப் போகும் சின்னச் சாலைகளுக்கு அருமை, ஆனால் சுமார் 24 குதிரைத்திறனில் இரண்டு பேர், மூன்று பெட்டி, ஏற்றத்தில் ஒரு லாரியை முந்த வேண்டும் என்றால் ரொம்ப யோசித்து முந்த வேண்டும். என் கணவரின் கருத்து, வேகத்துக்காக இல்லாவிட்டாலும் முந்தும் நேரத்தைக் குறைப்பதற்காகவாவது அறுபது குதிரைத்திறன் பக்கம் இருந்தால் நல்லது என்பது. நான் அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆறு வண்டிகள் பார்த்தோம். ஒன்றில் சாவி ஒன்றுதான் இருந்தது. சிப் வைத்த சாவி தொலைந்தால் சில வண்டிகளில் எலெக்ட்ரானிக் பெட்டியையே மாற்றும் நிலைமை வரும் என்று அவர் வேண்டாம் என்றார். இன்னொன்றில் பின் சக்கரப் பல்லிலிருந்து செயினைப் பிடித்து இழுத்தபோது பாதிப் பல் தெரிகிற அளவுக்கு விலகி வந்தது, அது பெரிய குறை இல்லை, செயின் செட் விலையைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்பவர் "இப்பதான் மாத்தினேன்" என்று சொன்னதால் கிளம்பிவிட்டோம், செயினில் பொய் சொன்னவர் வேறு எதில் உண்மை சொல்லுவார். கோன் செட் பார்ப்பதற்கும் இரண்டு பேர் இருப்பது உதவியது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்கி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க, இன்னொருவர் ஹேண்டிலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருகிற மாதிரி நின்றால் மாற்ற வேண்டியதுதான். ஃபோர்க் கம்பியில் எண்ணெய் வளையம், டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனம், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் லூஸ், இதையெல்லாம் அவர் கையால் தடவியே பார்த்தார். பார்வை குறைந்தபிறகு அவர் விரல்களுக்கு அவ்வளவு தெரிகிறது.

கடைசியில் வாங்கியது ஒரு வீ ஸ்ட்ரோம் 650. காரணம் ஸ்பெக் இல்லை, டேப்பில் 46 சென்டிமீட்டர் வந்தது. 645 சிசி, இரண்டு சிலிண்டரும் வி வடிவில் நிற்கும் 90 டிகிரி வி ட்வின் எஞ்சின் என்பதால் பின் ஃபுட்ரெஸ்ட்டில் அதிர்வும் குறைவு. பின் பிரீலோடைத் திருப்ப வண்டியின் பக்கவாட்டிலேயே கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கிறது. தனியாகப் போகும்போது தளர்த்தி, அவர் ஏறும்போது இறுக்கி, ஸ்பானரே தேவையில்லை. இருக்கை எனக்கு உயரம்தான், தனியாக உட்கார்ந்தால் விரல் நுனிதான் தரையில் படும், ஆனால் அவரும் ஏறியதும் வண்டி இறங்கிக்கொடுக்கிறது, பாதி பாதம் ஊன்றுகிறது. இதுவும் தனியாகப் பார்த்தால் தெரியாத விஷயம். விற்றவரிடம் முழு விலையையும் பணமாக அவர் மேசையில் பிணையாக வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஏறி ஐம்பது நிமிடம் ஓட்டினோம். நடுவில் வேண்டுமென்றே மூன்று தடவை நிறுத்தி அவரை இறங்கி ஏறச் சொன்னேன். ஏறுவதற்கு முன் எங்களுக்குள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம், நான் இரண்டு காலையும் ஊன்றி முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறுங்க" என்று சொன்னபிறகுதான் அவர் தோளில் கை வைப்பார். திரும்பி வந்ததும் சூட்டிலேயே வோல்டேஜ் பார்த்தேன், 14.1. பின் பிரேக் பேட் தேய்ந்திருந்தது, பின் டயர் ஆறு வயது. இரண்டின் விலையையும் சொல்லிக் குறைத்துக் கேட்டேன், குறைத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பதினோரு நாள் பயணத்தை மறுபடி தொடங்கி, பதினோரு நாளும் போய்விட்டு வந்தோம். தினமும் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பார்த்தேன். இரண்டு பேருக்கு எவ்வளவு என்பது செயின் பக்கத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனியாகப் போட்டிருக்கும், நிறைய வண்டிகளில் பின்னால் 42 பிஎஸ்ஐ வரை போகும். காற்றை ஏற்றிவிட்டு முன் விளக்கின் உயரத்தையும் ஒரு சுவரில் அடித்து இறக்கிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை, அவர் சொல்லாமலே நான் நிறுத்தினேன்.

பழைய வண்டியை விற்க விளம்பரம் போட்டபோது, மாற்றிய பாகங்கள் எல்லாவற்றின் ரசீதையும் ஒரு உறையில் போட்டு வைத்தேன். முதலில் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பையன் நேராக எஞ்சின் பக்கம் போய்க் குனிந்தான். நான் அந்தப் பெண்ணிடம் "நீங்க முதல்ல பின்னாடி ஏறி உட்காருங்கம்மா, பத்து நிமிஷம் அப்படியே இருங்க" என்றேன். உட்கார்ந்தாள். ஏழாவது நிமிடத்தில் முழங்காலை நீட்டிக்கொண்டு, "கால் ரொம்ப மடங்குதுக்கா" என்றாள். அவர்கள் வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, தனியாகவே பயணம் போகும் ஒருவர், நான் வாங்கிய விலை நூறு என்றால் 74க்கு எடுத்துக்கொண்டார். செலவு செய்த 43ஐயும் சேர்த்தால் எனக்கு நஷ்டம் 69. அவருக்கு அந்த வண்டி ரொம்பப் பிடித்திருக்கிறது, போன மாதம்கூடப் படம் அனுப்பியிருந்தார், பின் இருக்கையில் ஒரு பையைக் கட்டிவைத்திருந்தார்.